கடற்பாசியின் சாறு செவ்வலையை அடக்குமா?

நெய்தல்வாசி:
1972 கோடையில் ஜப்பானின் செத்தோ உள்கடலில் சட்டோனெல்லா என்ற நுண்பாசி பெருகியது. இப்படி நுண்பாசி பெருகிக் கடல் நிறம் மாறுவதைத்தான் செவ்வலை என்கிறோம். ஹரிமா நாடா பகுதியில் கூண்டுகளில் வளர்ந்த ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் புரி (மஞ்சள்வால்) மீன்கள் செவுள் கெட்டு மூச்சுத் திணறிச் செத்தன. அந்த எமனுக்கு மருந்து ஜப்பானியப் பாறைகளிலேயே முளைக்கிறது! குரோமே என்ற பழுப்புக் கடற்பாசியில் உள்ள புளோரோடானின்கள் என்ற வேதிப்பொருள்கள் சட்டோனெல்லாவைக் கொல்வதாக 2003இல் ஆய்வு வெளியானது. உல்வா என்ற பச்சைப் பாசியின் கொழுப்பு அமிலங்களுக்கும் அந்த வல்லமை உண்டு. இதை ஏன் கடலுக்குக் கொண்டுவரக் கூடாது?

காவிரிக்கரை:
அந்த ஆய்வெல்லாம் குடுவையில் நடந்தது; குடுவைத் தண்ணீர் அசையாது. கடல் நீரோட்டத்தில் சாறு நொடியில் கரைந்துவிடும். கொல்லும் அளவுக்கு ஊற்றினால் மற்ற உயிர்களுக்கு என்ன ஆகும்? செத்தோவை மீட்டது பாசி அல்ல, சட்டம். 1976இல் அங்கே 299 முறை செவ்வலை வந்தது. 1973இல் தொடங்கிய கழிவுக் கட்டுப்பாடு இறுக இறுக, அது ஆண்டுக்கு நூறு அளவில் வந்து நின்றது.

நெய்தல்வாசி:
அந்த நூறு எஞ்சி நிற்கிறதே, ஐயா! கழிவோடு வந்து நுண்பாசியை வளர்க்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்தை மேலும் குறைக்கவும் வழியில்லை. சத்துக் குறைந்து, உணவுக்காக வளர்க்கும் நோரிப் பாசி வெளுத்ததால், 2021இல் சட்டத்தையே திருத்தி, தேவையான இடங்களில் சத்து சேர்க்க இடம் கொடுத்தார்கள். நான் சாறு ஊற்றச் சொல்லவில்லை. கூண்டுகளை ஒட்டி உயிருள்ள பாசியை வளர்த்தால் அது அந்தக் கொல்லும் பொருள்களை ஓயாமல் கசியவிடும். சட்டோனெல்லாவுக்குச் செல்சுவர் கிடையாது, மெல்லிய சவ்வுதான்; அதனால்தான் சீக்கிரம் சிதைகிறது.

காவிரிக்கரை:
உயிருள்ள பாசி நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உறிஞ்சுமே. அப்போது நுண்பாசி செத்தது நஞ்சாலா, பட்டினியாலா? சத்தைத் திரும்பத் திரும்ப ஈடுசெய்து பார்த்த சோதனையைத்தான் நான் நம்புவேன். உல்வா கட்டுமீறினால் அதுவே தொல்லை: 2008இல் சீனாவின் சிங்தாவ் கடற்கரையில் ஒலிம்பிக் படகுப் போட்டிக்கு முன்பு லட்சக்கணக்கான டன் பாசியை அள்ள வேண்டியிருந்தது.

பாம்பன்காற்று:
எங்கள் மன்னார் வளைகுடாவில் 2019 செப்டம்பரில் பூங்கோரை வந்து கடல் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின. அதற்கும் இந்தப் பாசி உதவுமா, அண்ணா?

நெய்தல்வாசி:
வாக்குக் கொடுக்க மாட்டேன், தம்பி. பூங்கோரை என்பது நாக்டிலூகா; அது பிற நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும் இனம். அது பெருகி அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து, அம்மோனியா ஏறி மீன் சாகிறது. சட்டோனெல்லாவில் கண்டதை அப்படியே இதற்குப் பொருத்த முடியாது. காவிரிக்கரை ஐயா கேட்கும் சோதனையை, நம் கடல்நீரில், நாக்டிலூகாவை வைத்தே செய்ய வேண்டும்.

காவிரிக்கரை:
இதில் உங்களோடு நிற்கிறேன். தம்பி, அதுவரை கூண்டு வைத்திருப்பவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: கடல் நிறம் மாறியதும் தீனியை நிறுத்திவிடட்டும். வயிறு நிறைந்த மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும்.