8 வயதுக் குழந்தைகளுக்கான ஆமைப் புத்தகத்தில் செத்த ஆமையைக் காட்டலாமா?

அடையாற்று ஆலா:

வணக்கம். குழந்தைகளுக்குக் காட்டுயிர் பற்றி எழுதுகிறேன். கதை இல்லை, முழுக்க உண்மைத் தகவல்தான். தவளை, குளவி, பள்ளிக்கரணைப் பறவைகள் என்று சின்னதாக 3 புத்தகம் வந்திருக்கிறது. இப்போது எழுதிக்கொண்டிருப்பது பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்கிற கடலாமை). 32 பக்கம், பக்கத்துக்கு நாலைந்து வரி, மீதியெல்லாம் படம். 8 முதல் 10 வயதுக்கு.

20 பக்கம் வரை தடங்கல் இல்லாமல் போனது. ராத்திரியில் அம்மா ஆமை கரையேறுவது, பின்னந்துடுப்பை அகப்பை மாதிரி வளைத்து மண்ணை அள்ளுவது, குழியின் வாய் குறுகி அடி அகன்று குடம் மாதிரி இருப்பது, நூறு முட்டை போல இட்டு மூடிவிட்டு உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி மண்ணை இறுக்குவது, எல்லாம் வந்துவிட்டது. முதலில் 'அம்மா ஆமை கண்ணீர் விட்டது' என்று எழுதியிருந்தேன், அப்புறம் அடித்துவிட்டேன். அது அழுகை இல்லை, கண்ணோரம் இருக்கிற சுரப்பி உடம்பில் சேர்ந்த உப்பை வெளியே தள்ளுகிறது. கடலுக்குள்ளும் அது நடந்துகொண்டேதான் இருக்கிறது, கரைக்கு வந்தால்தான் நம் கண்ணுக்குப் படுகிறது. இதைச் சொன்னாலே பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள், எதற்காகப் பொய் சேர்க்க வேண்டும்?

21ஆம் பக்கத்தில் நின்றுவிட்டேன். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியது நினைவிருக்கும். அந்த மாதம் ஒருநாள் காலையில் என் மகனோடு பெசன்ட் நகர் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். அலை தொட்டுத் தொட்டுப் போகிற இடத்தில் ஒன்று கிடந்தது. கழுத்து வீங்கி, கண் பிதுங்கி, ஓட்டின் மேல் ஈர மணல் அப்படியே ஒட்டியிருந்தது. "தூங்குதாம்மா?" என்று கேட்டான். "இல்லடா, செத்துப்போச்சு" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆனது. "ஏன்?" என்று உடனே கேட்டான். அதற்கு அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த 'ஏன்' புத்தகத்தில் வர வேண்டும் என்று நினைக்கிறேன். பதிப்பகத்தில் வேண்டாம் என்கிறார்கள், பெற்றோர் வாங்க மாட்டார்களாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? போடுவதென்றால் எப்படிப் போடுவது?

---

ராநடை:

கட்டாயம் போடுங்கள். நான் சில வருடங்களாக ஆமை நடைக்குப் போகிறவன். 1988இலிருந்து மாணவர்கள் இந்த வேலையைச் செய்துகொண்டு வருகிறார்கள், நீலாங்கரையில் ஆரம்பித்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடை, தடம் தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போய்க் குச்சியால் மெல்லக் குத்திக் குழியைக் கண்டுபிடிப்பது. நடையில் சின்னப் பிள்ளைகளும் வருவார்கள். செத்த ஆமையைக் கண்டு ஒரு பிள்ளைகூட ஓடிப்போனதாக எனக்கு நினைவில்லை. கிட்ட வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்.

ஆனால் சாவை 21ஆம் பக்கத்தில் திடுதிப்பென்று கொண்டுவராதீர்கள். நாலாம் பக்கத்திலேயே 'ஆமைக்குச் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான், மூச்சு விட மேலே வந்தே ஆக வேண்டும்' என்று ஒரு படத்தோடு போட்டுவிடுங்கள். நீர்ப்பரப்பில் மூக்கை மட்டும் நீட்டுகிற படம் போதும். அப்புறம் 21இல் இழுவை மடி (படகு இழுத்துக்கொண்டு போகிற பை மாதிரியான வலை) மணிக்கணக்கில் கடலடியில் இழுபடுகிறது என்று ஒரே ஒரு வரி எழுதினால், மிச்சத்தைக் குழந்தையே புரிந்துகொள்ளும்.

இன்னொன்று. முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவதை எழுதுவீர்கள் அல்லவா? ஆமை இட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், எடுக்கும்போது புரட்டவே கூடாது, உள்ளே கரு ஓட்டோடு ஒட்ட ஆரம்பித்துவிடும். ஓவியர்கள் வரையும்போது முட்டையை ஆளுக்கொன்று கையில் வைத்து உருட்டுகிற மாதிரி வரைந்துவிடுகிறார்கள், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மண்ணின் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு என்பதையும் சேருங்கள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அதுதான்.

---

இரண்டு பிள்ளை அம்மா:

எனக்குச் சம்மதமில்லை. சின்னவளுக்கு 7 வயது. தொலைக்காட்சியில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு இரண்டு ராத்திரி தூங்கவில்லை. உண்மையைச் சொல்லுங்கள், படமாகப் போட வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

---

ஐந்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு:

மேலே எழுதிய அம்மாவின் கவலை நியாயம்தான். ஆனால் செய்தியில் வருவது செத்த ஆமை மட்டும், முன்னும் பின்னும் ஒன்றும் கிடையாது, அதுதான் பிள்ளையைத் தூங்க விடாமல் செய்கிறது. புத்தகத்தில் முன்னாடி 20 பக்கம் அந்த ஆமையோடு பழகியிருக்கிறாள், பின்னாடியும் பக்கம் இருக்கிறது.

நான் அரசுப் பள்ளியில் 14 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். ஆமை பற்றிப் பேசினாலே வகுப்பில் வருகிற முதல் கேள்வி, "அம்மா ஆமை திரும்பி வந்து பாத்துக்குமா மிஸ்?" வராது என்று சொன்னால் வகுப்பே அமைதியாகிவிடும். போன வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் மெதுவாக, "அப்ப நூறு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையா மிஸ்?" என்றாள். குஞ்சுகள் ஒன்றாகச் சேர்ந்துதான் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வருகின்றன, அவள் சொன்னது அப்படியே உண்மை. அம்மா இல்லாததையே தாங்குகிற பிள்ளைகள் வலையையும் தாங்குவார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கடைசிப் பக்கத்தில் 'பிளாஸ்டிக்கைக் கடலில் போடாதீர்கள்' என்று முடித்துவிடாதீர்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் அந்த ஜனவரியில் ஆமை செத்ததற்குக் காரணம் அது இல்லை. காரணம் ஒன்று, தீர்வு இன்னொன்று என்று எழுதினால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். அவர்கள் கையால் செய்யக்கூடியது வேண்டுமென்றால் விளக்கு இருக்கிறது. குஞ்சுகள் வெளிச்சமாகத் தெரிகிற பக்கம்தான் போகும். இருட்டுக் கரையில் அது கடல், நம் கரையில் தெருவிளக்கு. கடலைப் பார்த்த வீட்டில் ராத்திரி விளக்கை அணைக்கச் சொல்லலாம்.

தமிழில் இது புதிதும் இல்லை. துளிர் இதழ் 1987இலிருந்து பிள்ளைகளுக்கு அறிவியலைச் சொல்லி வருகிறது. இங்கே மயிலாப்பூரில் வாழ்ந்த காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் அணிலையும் காக்கையையும்கூடக் கூர்ந்து பார்த்து எழுதினார், பார்த்ததை மட்டும் எழுதினார்.

---

குப்பத்துப் பையன்:

அக்கா, நான் மீனவர் வீட்டுப் பிள்ளை, இப்போது கல்லூரியில் படிக்கிறேன். ஒன்றே ஒன்று சொல்லணும். படம் வரையும்போது எந்தப் படகு என்று பார்த்து வரையுங்கள்.

எங்கப்பாவுக்கு ஃபைபர் போட். இழுவை மடி போடுவது பெரிய விசைப்படகு. நிறைய புத்தகத்தில் குப்பத்துச் சின்னப் படகை வரைந்து, பக்கத்தில் வலையில் சிக்கின ஆமையையும் வரைந்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கிற குப்பத்துப் பிள்ளை தன் அப்பாதான் கொன்றார் என்று நினைத்துக்கொள்ளும். எங்கள் வலையிலும் ஆமை மாட்டும், பொய் சொல்ல மாட்டேன். போன மாசியில் ஒன்று மாட்டியபோது அப்பா வலையை அறுத்துத்தான் விட்டார். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். துடுப்பில் நைலான் நரம்பு இரண்டு சுற்று இறுகிப்போயிருந்தது, கத்தி தோலில் படாமல் இருக்க அப்பா தன் விரலை நடுவில் கொடுத்து அறுத்தார். அறுத்த வலையைப் பொத்த எங்கம்மாவுக்கு இரண்டு நாள் ஆனது. எங்க ஆயா ஆமையைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடும்.

கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983லேயே சட்டம் வந்தாச்சு. ஆமை தப்பித்துப் போக மடிக்குள் கம்பிச் சட்டமும் வழியும் வைக்கலாம். அதோடு மீனும் கொஞ்சம் வெளியே போய்விடும் என்றுதான் பலர் வைப்பதில்லை, அவர்களுக்கும் டீசல் கடன் இருக்கிறது. இதையெல்லாம் 8 வயதுக்கு எழுத முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடிந்தால் எழுதுங்கள்.

---

அடையாற்று ஆலா:

தம்பி, நீங்கள் எழுதியதை நாலு தடவை படித்தேன். என் ஓவியர் வரைந்து அனுப்பிய படத்தில் இருப்பது சின்னப் படகுதான். இன்று காலையே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன், காசிமேட்டுக்குப் போய் விசைப்படகைப் பார்த்து வரைகிறேன் என்றார்.

21ஆம் பக்கம் இப்படி ஆகியிருக்கிறது: கடலடியில் நீளமாக ஒரு மடி, அதற்குள் மேலே பார்த்தபடி ஒரு ஆமை. 'இரண்டு பிள்ளை அம்மா' சொன்னதை ஏற்றுக்கொண்டு செத்த ஆமையின் படத்தை எடுத்துவிட்டேன், 'செத்துப்போனது' என்ற வார்த்தை இருக்கிறது. அடுத்த பக்கத்தில் கம்பிச் சட்டம் வைத்த மடி, அதன் வழியாக வெளியே போகிற ஆமை. அதற்கும் அடுத்த பக்கம் முழுக்க ஒரு அப்பா, ஒரு கத்தி, டார்ச் பிடித்திருக்கிற பையன். உங்கள் பெயரைப் போட மாட்டேன், அந்தப் பக்கத்தை அச்சுக்குப் போகுமுன் உங்கள் அப்பாவிடம் காட்ட வேண்டும், கத்தியை எப்படிப் பிடித்தார் என்று கேட்க வேண்டும். குப்பத்துக்கு எந்த நேரத்தில் வந்தால் அவரைப் பார்க்கலாம்?

டீச்சர், அந்த 'நூறு பேரும் துணையா' என்பதை 30ஆம் பக்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா? அந்தப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.