2^67 − 1 பகு எண்ணா, பகா எண்ணா? நிரல் முன்னுக்குப் பின் முரணாகச் சொல்கிறது

எண்பித்தன்:
வணக்கம். 2^67 − 1, அதாவது 147573952589676412927, பகா எண்ணா என்று பைத்தான் நிரல்மொழியில் சோதிக்கிறேன். ஃபெர்மா சோதனையில் (சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு அடியை உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்து மீதியைப் பார்ப்பது) 2-ஐ அடியாக வைத்தால் மீதி 1 வருகிறது, பகா எண்ணுக்கு வருவது போலவே. 3-ஐ அடியாக வைத்தால் 1 வருவதில்லை. சரி, வகுத்தே பார்ப்போம் என்று ஒற்றைப்படை எண்களால் வரிசையாக வகுத்து, ஈவு முழு எண்ணாக இருந்தால் அச்சிடச் சொன்னேன். 3, 5, 7, 9 என்று எல்லாமே காரணி என்கிறது! எதை நம்புவது?

மீதிக்கணக்கு:
வகுத்தலில் கோளாறு எங்கே என்று தெரிகிறது. ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுக்கிறீர்கள், இல்லையா? அது தசம எண்ணைத் தரும். அதில் 53 பிட் அளவுக்குத்தான் துல்லியம். ஈவு 2^52-ஐத் தாண்டிவிட்டால் பின்னப் பகுதிக்கு இடமே கிடையாது. எந்த ஈவும் முழு எண்ணாகத்தான் தெரியும். உங்கள் எண்ணுக்கு 32,768 வரை எதைக் கொண்டு வகுத்தாலும் இதே கதைதான். ஈவைப் பார்க்காதீர்கள். % போட்டு மீதி 0 ஆகிறதா என்று பாருங்கள்.

பகாத்தேடி:
சோதனை விஷயத்தில் 3 சொல்வதை நம்புங்கள். 1 வரவில்லை என்றால் அது பகு எண், மறுபேச்சே இல்லை. 1 வந்தால் பகா எண் என்று உறுதி கிடையாது. அதிலும் இந்த வகை எண்ணுக்கு 2-ஐ அடியாக வைப்பதில் பயனே இல்லை. நம் எண்ணை ந என்போம். 2^67-ஐ ந-ஆல் வகுத்தால் மீதி 1. ந − 1 என்பது 2^67 − 2. 67 பகா எண் என்பதால் அது 67-ஆல் வகுபடும். ஆகவே 2^(ந−1)-க்கும் மீதி 1 வந்தே தீரும், ந எப்படிப்பட்டதாக இருந்தாலும். 2^11 − 1 = 2047-ஐச் சோதித்துப் பாருங்கள்: 23 × 89 தான், ஆனாலும் 2 அடியில் தேறிவிடும்.

எண்பித்தன்:
% போட்டதும் பொய்க் காரணிகள் போய்விட்டன, நன்றி. ஆனால் 1 கோடி வரை ஓடியும் உண்மைக் காரணி ஒன்றும் இல்லை. வர்க்கமூலம் 1,214 கோடிக்கு மேல். அதுவரை ஓடவிட வேண்டுமா?

பகாத்தேடி:
வேண்டாம். இந்த எண்களிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான்: 2^67 − 1-இன் பகாக் காரணி ஒவ்வொன்றும் 134க + 1 என்ற வடிவில்தான் இருக்கும் (க ஒரு முழு எண்). கூடவே, 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆக வேண்டும். இரண்டையும் சேர்த்தால் க-வை 4-ஆல் வகுக்கும்போது மீதி 0 அல்லது 1 வருபவை மட்டும் போதும். மற்றதை எல்லாம் தாண்டிவிடுங்கள்.

எண்பித்தன்:
வந்துவிட்டது! க = 1445580.
193707721 × 761838257287. பெருக்கியும் பார்த்தேன், இலக்கம் பிசகாமல் சரியாக வருகிறது. சுமார் 7.2 லட்சம் முயற்சியிலேயே முடிந்துவிட்டது. ஒரு சந்தேகம் மட்டும்: காரணி கைக்கு வருமுன்பே 3 அடி "பகு எண்" என்று சொல்லிவிட்டதே, அதை அப்படியே ஏற்கலாமா?

மீதிக்கணக்கு:
தாராளமாக. பகா எண்ணுக்கு இருந்தே ஆக வேண்டிய ஒரு குணம் இல்லை என்று காட்டினால் போதும், காரணியைக் காட்டத் தேவையில்லை. கணித அறிஞர் மெர்சென் 1644-இல் இந்த எண்ணைப் பகா எண் பட்டியலில் சேர்த்தார். அது பகு எண் என்று 1876-இல் லூக்கா நிறுவியபோது அவர் கையில் ஒரு காரணிகூட இல்லை. நீங்கள் இப்போது கண்ட இரண்டையும் கோல் 1903-இல்தான் வெளியிட்டார்.

பகாத்தேடி:
இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் 2^1277 − 1-ஐப் பாருங்கள். 385 இலக்கம். பகு எண் என்பது உறுதி. காரணி ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. அங்கே வடிவம் 2554க + 1. ஆனால் இன்று எழுதிய சுழற்சியை அதன்மேல் ஏவ வேண்டாம், சிறிய க-க்களை எல்லாம் ஏற்கெனவே சலித்துவிட்டார்கள். பெரிய எண்களில் காரணி தேடும் நீள்வட்ட வளைவு முறையைப் படித்துவிட்டு வாருங்கள், அதற்குத் தனி இழை தொடங்குவோம்.