தொப்பூர் ஏற்றத்தில் திணறும் கார்: பம்ப் மோட்டாரா, ஸ்ட்ரெய்னரா?

பெட்ரோல் கார். ரிசர்வ் லைட் எரியும்போது சேலத்திலிருந்து தர்மபுரிக்கு வந்தால் தொப்பூர் ஏற்றத்தில் குலுக்கி இழுக்கிறது, சமதளத்தில் ஒன்றுமில்லை. ஏற்றத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்க, டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் காற்றை உறிஞ்சும், அது புரிகிறது. ஆனால் இப்போது அரை டேங்க் இருந்தாலும் பின் சீட்டுக்கு அடியில் 'ஙொய்ங்' என்று ஒரே இரைச்சல். டேங்குக்குள் இருக்கும் மோட்டாரைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். அடிக்கடி ரிசர்வில் ஓடியதில் மோட்டார் தேய்ந்திருக்கலாம். அடியில் தங்கிய கசடு, பம்ப் உறிஞ்சும் வாயில் இருக்கும் வடிகட்டியான ஸ்ட்ரெய்னரை அடைத்திருக்கவும் வாய்ப்புண்டு. ஃபியூஸ், ரிலே பார்த்தாச்சு. சாவி போட்டதும் பம்ப் 2 விநாடி ஓடி நிற்கிறது.

மோட்டார் மட்டும் மாற்றினால் போதுமா, பம்ப், ஸ்ட்ரெய்னர் எல்லாம் சேர்ந்த முழு அசெம்பிளியா? தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கேஜ் மாட்டி பெட்ரோல் பிரஷர் பார்க்கும் மெக்கானிக் இருந்தால் சொல்லுங்கண்ணா. காதை வைத்துக் கேட்டே 'பம்ப் போச்சு' என்பவர் வேண்டாம்.