சி-16 சட்டம் பற்றித் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம், ரொறன்ரோவில் இருக்கிறோம். வியாழக்கிழமை மகளுக்குப் பள்ளியில் விவாதம், பாலின அடையாளத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிற கனடாவின் சி-16 சட்டம் பேச்சுரிமையைப் பறிக்கிறதா என்று. இவள் ‘இல்லை’ என்று பேச வேண்டிய அணி.

எதிரணி எப்படியும் இந்தச் சட்டத்தை எதிர்த்த உளவியல் பேராசிரியர் ஜோர்டன் பீட்டர்சனைத்தான் கொண்டுவரும். ‘அவன், அவள் என்பதற்குப் பதில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் வாயில் திணிக்கிறது’ என்று 2016-இல் அவர் யூடியூபில் போட்டதுதான் எல்லாருக்கும் மனப்பாடமாயிற்றே. 2017 ஜூனில் நிறைவேறிய சி-16-ஐ நானே உட்கார்ந்து படித்தேன், சின்னச் சட்டம், அதில் அந்தப் பேச்சே இல்லை. (தமிழில் ‘அவர்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், பாவம் ஆங்கிலம்.)

சரி, நான் மாட்டிக்கொண்ட இடம் வேறு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆண், பெண் என்ற இரண்டிலும் தன்னைச் சேர்க்காத உணவகப் பணியாளர் ஒருவரை மேலாளர் விடாமல் ‘ஸ்வீட்ஹார்ட்’, ‘ஹனி’ என்றே கூப்பிட, அதைத் தட்டிக்கேட்டவருக்கு வேலையும் போக, 2021-இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் 30,000 டாலர் கொடுக்கச் சொன்னது. ‘பார், பேசினதுக்குத் தண்டம்’ என்று அவர்கள் எடுத்தால் என்ன பதில் சொல்வது? வேலையிடத் தொந்தரவையும் கருத்துச் சொல்வதையும் சட்டம் எந்த இடத்தில் பிரிக்கிறது? வழக்கறிஞர்கள் யாராவது இருந்தால், பதினாறு வயசுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள், புதன் இரவுக்குள்.