எட்டடிச் சக்கரம் ஒரே ஜோடி: ஸ்டர்லிங் சிங்கிள் வழுக்காமல் எப்படிக் கிளம்பியது?

ரயில்ரசிகன்: யார்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் 1-ஆம் எண் எஞ்சின் (டான்காஸ்டர், 1870) பற்றி ஒரு சந்தேகம். வண்டியை இழுப்பது ஒரே ஜோடி சக்கரம்தான் (அதனால்தான் ‘சிங்கிள்’ என்ற பெயர்), விட்டம் 8 அடி 1 அங்குலம். இன்னொரு ஜோடியையும் தண்டு போட்டு இணைத்திருந்தால் பிடிப்பு கூடியிருக்குமே? அதை வடிவமைத்த பாட்ரிக் ஸ்டர்லிங் ஏன் செய்யவில்லை? நின்ற இடத்திலேயே சக்கரம் சுழன்றுவிடாதா?

கரிப்புகை: சுழலும். கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். சிலிண்டர் விட்டம் 18 அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 28 அங்குலம், பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 140 பவுண்டு. அழுத்தத்தில் 85 சதவீதம் பிஸ்டனுக்கு வந்தால் இழுவிசை கிட்டத்தட்ட 5 டன். ஆனால் இழுக்கும் சக்கரத்தின் மேல் இருக்கும் எடை சுமார் 15 டன்தான். காய்ந்த தண்டவாளத்தில் அதில் கால்பங்கு பிடிக்கும் என்றாலும் 3¾ டன். ஈரத்தில் இரண்டு டன்னை ஒட்டித்தான் நிற்கும்.

அதனால் டிரைவர் ரெகுலேட்டரை (சிலிண்டருக்கு நீராவி விடும் வால்வு) மெல்லத்தான் திறக்க வேண்டும். லண்டனில் கிங்ஸ் கிராஸ் நிலையத்தை விட்டதுமே சுரங்கம், கூடவே 107 அடிக்கு 1 அடி ஏற்றம், ஈரத் தண்டவாளம் வேறு. சக்கரம் சுழன்றால் முதலில் நீராவியை அடைக்கணும், பிறகுதான் பிடிப்புக்காகத் தண்டவாளத்தில் மணல். சுழலும்போதே மணல் போட்டால் சக்கரம் சட்டென்று பிடித்து, அந்த அதிர்ச்சி முழுவதும் கிராங்க் பின்னில் (பிஸ்டனின் தண்டு சக்கரத்தோடு சேரும் முளை) இறங்கும். இன்னொரு கெடுதலும் உண்டு: வேகமாகச் சுழலும்போது வெளியேறும் நீராவியின் இழுப்பில் ஃபயர்பாக்ஸில் (அடுப்பில்) எரியும் கரி கிளம்பி நெருப்புப் படுகை ஓட்டையாகும். அதன் வழியே குளிர்காற்று ஏறினால் பாய்லர் குழாய்களின் முனைகள் கசியத் தொடங்கும்.

இவ்வளவு தொல்லைக்கும் ஈடு வேகத்தில் கிடைத்தது. மணிக்கு 60 மைலில் இந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 208 சுற்று; ஆறடிச் சக்கரமாக இருந்தால் 280. ஓடத் தொடங்கிய பின் தேவைப்படும் இழுப்பும் குறைவு, இணைப்புத் தண்டின் உராய்வும் இல்லை. சிலிண்டர்களை ஏன் வெளியே வைத்தார் என்று அடுத்து கேட்பீர்கள்: உள்ளே வைத்தால் வளைந்த அச்சு வேண்டும், அது அந்தக் காலத்தில் அடிக்கடி உடையும். பாய்லரையும் இன்னும் உயர்த்த வேண்டியிருக்கும்.

மணல்பெட்டி: மணல் பற்றி இன்னும் கொஞ்சம். தானாக விழும் மணலைப் பக்கக்காற்று அடித்துக்கொண்டு போய்விடும். 1886-இல் மிட்லண்ட் ரயில்வேயின் டெர்பி பணிமனையில் பிரான்சிஸ் ஹோல்ட் நீராவியால் சக்கரத்தடியிலேயே மணலைச் செலுத்தும் கருவியைக் கொண்டுவந்தார். அதை நம்பித்தான் 1887-இல் அந்த ரயில்வே மறுபடி சிங்கிள்களைக் கட்டியது. என் பார்வையில் இந்த வகை எஞ்சினுக்கு ஆயுளைக் கொடுத்ததே அதுதான். மணலை ஷெட்டில் உலர்த்திச் சலித்தே நிரப்ப வேண்டும். நீராவி வால்வு லேசாகக் கசிந்தாலும் மணல் நனைந்து குழாயில் கட்டிப்பிடிக்கும். ஒரு பக்கக் குழாய் மட்டும் அடைத்தால் ஒரு சக்கரம் பிடிக்க மற்றது வழுக்கி, அச்சை முறுக்கும்.

ரயில்ரசிகன்: அப்படியானால் ஏன் கைவிட்டார்கள்?

கரிப்புகை: ரயில் கனத்துவிட்டது. 1895 ஆகஸ்டில் ரயில்வே கம்பெனிகள் ஸ்காட்லாந்துக்கு நடத்திய போட்டி ஓட்டத்தில் 668-ஆம் எண் ஸ்டர்லிங் சிங்கிள் கிங்ஸ் கிராஸிலிருந்து கிரந்தம் வரை 105½ மைலை 101 நிமிடத்தில் கடந்தது, ஆனால் பின்னால் இருந்தவை சில பெட்டிகளே. பெட்டிக்குப் பெட்டி நடந்து போகும் தாழ்வார வசதியும் உணவகப் பெட்டியும் சேர்ந்தபின் அந்த இழுப்பு போதவில்லை. பிடிப்புக்காகக் கடைசித் தொகுதியில் அந்த ஒற்றை அச்சின் மேல் கிட்டத்தட்ட 20 டன் ஏற்றினார்கள். அதற்கு மேல் தண்டவாளம் தாங்காது. பாரத்தை இரண்டு அச்சுக்குப் பிரிக்காமல் வழியில்லை. 1898-இல் ஸ்டர்லிங்குக்கு அடுத்து வந்த ஐவாட் கொண்டுவந்த ‘அட்லாண்டிக்’ வகை எஞ்சினில் இணைத்த சக்கரம் நான்கு.