பேசச் சொல்லி வற்புறுத்தாம புள்ளைக்குத் தமிழ் வரவைக்க முடியுமா?

கீழக்கரை உம்மா:
மகளுக்கு அஞ்சு வயசு, துபாயில பிறந்து வளர்ந்தவ. இப்ப ஊருக்கே வந்துட்டோம். தமிழ் பாதி புரியுது, பேசுறதெல்லாம் இங்கிலீஷ்தான். "எங்க, தமிழ்ல ஒண்ணு சொல்லு"ன்னு சொந்தக்காரங்க கேட்டா எந்திரிச்சு உள்ள போயிடுறா. சாயங்காலம் அ, ஆ எழுத வச்சுப் பாத்தேன், அழுகைதான். தமிழ் கார்ட்டூனும் போட்டு விடுறேன். வேற என்ன செய்யட்டும்?

பாம்பன் டீச்சர்:
தங்கச்சி, அந்த "சொல்லு"வை முதல்ல விடுங்க. பாதி புரியுதே, அதுவே பெரிய கையிருப்பு. தெரிஞ்சதுக்கு ஒரு படி மேல, ஆனா புரியிற மாதிரி பேச்சு காதுல விழுந்துக்கிட்டே இருந்தா மொழி தானா வரும். பயமும் வெக்கமும் இருந்தா உள்ள இறங்காது. மொழி எப்படி வருதுன்னு ஆராய்ஞ்ச ஸ்டீபன் கிராஷன் 1982-ல எழுதின புத்தகத்துல சொல்றது இதைத்தான்.

புதுப் பாம்பன் பாலம் கட்ட வடக்கேயிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருத்தன் எங்க பால்வாடியில இருந்தான். ரொம்ப நாள் வாயே திறக்கல. நானும் கேக்கல. செருப்பைக் கழட்டு, டம்ளரை எடு, கையக் கழுவுன்னு செஞ்சு காட்டிக்கிட்டே சொல்வேன், மத்த புள்ளைங்களோட சேந்து செய்வான். கச்சான் காத்து மண்ணை வாரி அடிச்ச ஒரு நாள், "டீச்சர், காத்து அடிக்குது, கதவைச் சாத்து"ன்னான். "இந்தா சாத்திட்டேன்யா"ன்னு சாத்தினேன். மரியாதையாச் சொல்லுன்னு திருத்தல. "சாத்துங்க"வைப் பின்னாடி அவனாவே பிடிச்சுக்கிட்டான்.

உங்க உம்மா மீன் ஆயும்போது பக்கத்துல உக்கார வைங்க. "இது செவுள், எவ்வளவு செவப்பா இருக்கு பாரு! செவப்பா இருந்தா புது மீனு. இந்தக் குடலைப் பூனைக்குப் போடு." செவுள்னா என்னன்னு விளக்கவே வேண்டாம், விரல் அதுமேலதான் இருக்கு. இன்னைக்குச் சூடை மீனு, நாளைக்குப் பாறை மீனு, பேச்சு அதேதான். அவ "ரெட்"னு சொன்னா, "ஆமா, செவப்பா இருக்கு"ன்னு மேல பேசிக்கிட்டே போகணும்.

கார்ட்டூனை நம்பாதீங்க. பட்ரீசியா கூல் குழுவினர் 2003-ல வெளியிட்ட ஆய்வுல, சீன மொழி பேசுறவங்க நேர்ல விளையாட்டுக் காட்டின ஒன்பது மாச அமெரிக்கக் குழந்தைங்க அந்த மொழி ஒலிகளைப் பிரிச்சுக் கேக்கப் பழகிட்டாங்க. அதையே டிவியில பாத்த குழந்தைங்களுக்கு ஏறவே இல்ல. உங்க மக பெரியவதான், ஆனாலும் பக்கத்துல ஆள் வேணும்.

தொண்டிக்காரன்:
கேட்டா மட்டும் போதும்னு நான் ஏத்துக்க மாட்டேன் டீச்சர். கனடாவுல பிரெஞ்சு வழியில படிச்ச இங்கிலீஷ் வீட்டுப் புள்ளைங்களைப் பத்தி மொழி ஆய்வாளர் மெரில் ஸ்வைன் 1985-ல எழுதியிருக்காங்க. வருஷக்கணக்கா கேட்டு நல்லாப் புரிஞ்சும், பேச்சுல இலக்கணம் தடுமாறுச்சு. பேச வேண்டிய தேவையும் வரணும்.

பாம்பன் டீச்சர்:
வாஸ்தவம் தம்பி. ஆனா அந்தத் தேவை பெரியவங்க கேள்வியால வரக் கூடாது. தெருப் புள்ளைங்களோட கண்ணாமூச்சி ஆட விடுங்க. "நான் இல்ல, அவதான் அவுட்டு"ன்னு சண்டை போடவாவது பேசித்தானே ஆகணும்?

கீழக்கரை உம்மா:
நன்றிக்கா. எங்க உம்மா படபடன்னு பேசுவாங்க, மெதுவாப் பேசச் சொல்லவா?

பாம்பன் டீச்சர்:
அவங்க போக்குலயே பேசட்டும். கையில இருக்கிறதைப் பத்திப் பேசி, சொன்னதையே ரெண்டு மூணு தடவை சொன்னாப் போதும். சொந்தக்காரங்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வைங்க: வந்தா புள்ளகிட்ட கேள்வி கேக்காம கதை சொல்லட்டும்.