ஒரே கடல்ல முங்குறாங்க, அம்மாவுக்கு மட்டும் ஏன் முட்டி வலி?

சின்னப்பாலத்தான்:
அம்மா முப்பது வருஷமா பாசி எடுக்குறாங்க. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு காலையில இறங்கினா மத்தியானம்தான் கரையேறுவாங்க. மரிக்கொழுந்துப் பாசி பாறையோட ஒட்டிக் கிடக்கும், முங்கி முங்கித்தான் பிய்க்கணும். இப்ப ரெண்டு முட்டியும் கல்லைக் கட்டின மாதிரி கனக்குதாம். மழை இருட்டினாலே நொண்டுறாங்க. அக்குபங்சர் பார்க்குற ஒருத்தர் நாடி பிடிச்சு, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துட்டு, "உள்ள ஈரம் தங்கிருச்சு"ன்னார். "ஈரத்துலயே கிடக்குறவளுக்கு இதைச் சொல்லக் காசா?"ன்னு அம்மா சிரிச்சுட்டாங்க. கூடவே முங்குற சித்திக்கு ஒண்ணுமே இல்லையே. இதுக்குச் சீன வைத்தியம் என்ன சொல்லுது?

பரமக்குடி ஊசிக்காரன்:
தம்பி, அவங்க கணக்குல நோய்க்கு வெளிக்காரணம் ஆறு: காற்று, குளிர், கோடை வெக்கை, ஈரம், வறட்சி, நெருப்பு. உள்காரணம் கோபம், கவலை, பயம்னு ஏழு உணர்ச்சி. சாப்பாடு, அலுப்பு, அடி, பூச்சிக்கடி இதெல்லாம் ரெண்டுலயும் சேராதது. 1174ல சென் யான்ங்கிற சீன வைத்தியர் இப்படி மூணா வகுத்து எழுதினார். மூட்டுவலி அதுக்கும் ரொம்பப் பழசு. ஹுவாங்தி நெய்ஜிங்ங்கிற அவங்க பழைய வைத்திய நூல்லயே இருக்கு. காற்று, குளிர், ஈரம் மூணும் சேர்ந்து வந்து அடைச்சா அதுக்குப் பேரு 'பீ'. காற்று மிஞ்சினா வலி இடம் மாறி ஓடும். குளிர் மிஞ்சினா உயிர் போற வலி. ஈரம் மிஞ்சினா ஒரே இடத்துல கனமா உட்கார்ந்துக்கும். அம்மாவுக்கு இந்தக் கடைசி வகைன்னு அவர் நினைச்சிருப்பார்.

உள்ள தெம்பு இருந்தா வெளியில இருக்கிறது நுழையாதுங்கிறதும் அதே நூல்தான். ஈரத்தைச் சமாளிக்கிறது மண்ணீரலாம். (ஸ்கேன்ல தெரியிற மண்ணீரல் இல்ல, செரிமான வேலை மொத்தத்துக்கும் அவங்க வச்ச பேரு.) நேரங்கெட்டுச் சாப்பிட்டாலும், ஒண்ணையே நினைச்சு மருகினாலும் அது தளரும். அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிடுறாங்க?

கச்சான் காத்து:
வலி ஓடுறதைச் சீனாக்காரன் சொல்லித்தான் தெரியணுமாக்கும்! வாடை விழுந்தா எனக்கு இன்னைக்குத் தோள்பட்டை, நாளைக்கு இடுப்பு. எங்க ஆச்சி அதை 'வாயு'ம்பா. ஆனா நம்ம வாதம், பித்தம், கபம் உடம்போட பொறந்தது, கூடினாலும் குறைஞ்சாலும் நோவு. அவன் சொல்ற காற்று பெரும்பாலும் வெளியிலேர்ந்து பூந்த திருடன். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்கப்பா.

மண்டபம் நர்ஸ்:
ஊசி குத்திக்கட்டும், வேணாங்கல. காலையில எந்திரிச்சதும் ஒரு மணி நேரத்துக்கு மேல விறைப்பு இருக்கா, முட்டி வீங்கிச் சூடா இருக்கான்னு பாருங்க. இருந்தா முடக்குவாதத்துக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கணும். தேய்மானமாவும் இருக்கலாம், எக்ஸ்ரேல தெரிஞ்சிரும்.

சின்னப்பாலத்தான்:
வீக்கம் இருக்கு அக்கா, திங்கட்கிழமை கூட்டிட்டுப் போறேன். ஊசிக்கார அண்ணே, கேட்டுட்டேன். விடியுமுன்ன ஒரு கட்டஞ்சாயா, அப்புறம் மூணு மணிக்குப் பழைய கஞ்சிதான். அப்பா போட்டுக்குப் போற ராத்திரி தூங்குறதே இல்லையாம். சித்தப்பா கடலுக்குப் போறதில்ல, பாம்பன்ல டீக்கடை வச்சிருக்கார்.